நிறைமாதத்தில் இறந்த பிள்ளைகள்

எங்கள் சுகாதாரப் பிரிவில் ஒரு குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனாலும், பிறந்து ஒரு கிழமைக்குள், ஏழு நாளுக்குள், இறந்துபோனாலும், அதைப் பற்றிய தாள் ஒன்று என் மேசைக்கு வந்துசேரும். தாயின் வயது, இது எத்தனையாவது பிள்ளை, அசைவு கடைசியாக எப்போது தெரிந்தது, ஆஸ்பத்திரிக்கு எதில் போனார்கள், பிள்ளையின் எடை, இறப்புக்கான காரணம் என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். கல்முனைக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையிலுள்ள கரையோர ஊரொன்றில் பிறந்து, வெளியே போய்ப் படித்து, டொக்டராகத் திரும்பிவந்து, அதே பக்கத்தில் தாய்மார் நலத்துக்குப் பொறுப்பாக இருப்பவள் நான். சொந்த ஊரில் இந்த வேலையைச் செய்வதில் ஒரு கஷ்டம் உண்டு. தாளில் விலாசத்தை வாசித்ததும் அந்த ஒழுங்கை கண்ணுக்குள் வந்துவிடும். அந்த வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டது ஞாபகம் வரும்.

காரணம் என்ற இடத்தில் அனேகமாகத் "தெரியவில்லை" என்றுதான் எழுதியிருக்கும். இறந்த பிள்ளையின் உடலைப் பரிசோதிக்க எங்கள் சனங்கள் சம்மதிப்பதில்லை. கெதியாக அடக்கிவிட வேண்டும் என்பதே எல்லோருடைய நினைப்பும். வாப்பா, துணியில் சுற்றிய பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மையவாடிக்குக் கொண்டுபோய்விடுவார். உம்மா வார்ட்டில் படுத்திருப்பாள். அவள் வீடு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே தெரியவில்லை என்று எழுதுவது பொய் அல்ல. வேறு எதையும் எழுத வழியில்லை.

அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு, அந்தப் பகுதிக் கர்ப்பிணிகளை வீடுவீடாகப் பார்க்கும் மருத்துவமாது போய்த் தாயோடு கதைத்து விபரம் எடுக்க வேண்டும். நேரம் கிடைத்தால் நானும் கூடப் போவேன். அவளை முதலில் அப்படித்தான் கண்டேன்.

கடற்கரை ஓரத்து வட்டாரம். கணவன் கரைவலைக்குப் போகிறவன். வீடு அவளுடைய வாப்பா சீதனமாகக் கட்டிக்கொடுத்தது. முன்பக்கம் பூசியிருந்தது, பின்பக்கம் இன்னும் வெறும் கல். அடுத்த வளவிலேயே உம்மா வீடு. உம்மாதான் எங்களை உள்ளே கூட்டிப்போனார். அவள் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சை இறுக்கித் துணி கட்டியிருந்தார்கள். அப்படியும் பால் வடிந்து சட்டை நனைந்திருந்தது. அதை மறைக்கத் துப்பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். இருபது வயதைத் தாண்டியிருப்பாள், அவ்வளவுதான். அது தலைப்பிள்ளை.

மருத்துவமாது பல வருடம் இந்த வேலையில் இருப்பவர். சத்தம் போடாமல் கதைப்பார். தாள்களைப் பையிலிருந்து எடுக்குமுன் எப்போதும் சொல்வதையே அன்றும் சொன்னார்.

"தங்கச்சி, கஷ்டம்தான், எனக்கு விளங்குது. ஆனா நீங்க சொல்ற ஒவ்வொண்டும் இன்னொரு தாய்க்கு உதவும். அதுக்குத்தான் கேக்குறம்."

அவள் அதை அப்படியே நம்பினாள். கேட்டதற்குக் கேட்டதைவிடக் கூடுதலாகவே பதில் சொன்னாள். எந்தப் பக்கம் சரிந்து படுத்தாள், அன்று காலையில் என்ன சாப்பிட்டாள், அசைவு குறைந்தபோது யார் என்ன சொன்னார்கள் என்று யோசித்து யோசித்துச் சொன்னாள். நடுவில் உம்மா, "போதும் மகள், களைக்கப்போறாய்" என்றார். அவள் கையை அசைத்து உம்மாவை நிறுத்தினாள்.

"இல்ல உம்மா, எல்லாத்தையும் செல்லோணும். ஒண்டு விட்டாலும் பிறகு வாற புள்ளைகளுக்குத்தானே நட்டம்."

எழுதி முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"டொக்டர், புள்ள ஏன் மௌத்தாச்சு? வார்ட்டுல ஒருத்தரும் ஒண்டும் செல்லல்ல."

"இன்னும் தெரியல்ல தங்கச்சி. பாத்துச் சொல்றன்" என்றேன்.

"நல்ல பெரிய புள்ள, டொக்டர்" என்றார் உம்மா. "மருமகன்தான் தூக்கிட்டுப் போனாரு. கை நெறஞ்ச புள்ள எண்டு செல்லி அழுதாரு. கண்டவங்க எல்லாரும் அதத்தான் செல்றாங்க."

அவள் மருத்துவமாதின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "எனக்குக் காட்டல்ல. மயக்கத்துல கெடந்தன். யாருட சாயல் எண்டு அதுல எழுதியிரிக்கா மிஸ்?"

அப்படி ஒரு கேள்வி அந்தத் தாளில் இல்லை. மருத்துவமாது தாளை மடித்து வைத்துவிட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்து நின்றேன்.

பெரிய பிள்ளை என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. பணிமனைக்கு வந்ததும் பழைய வருடங்களின் தாள்களையும் எடுப்பித்து, எடையை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். எடை குறைந்த பிள்ளைகளும் மாதம் நிறையாத பிள்ளைகளும்தான் கூடுதலாக இறக்கும் என்று படித்திருந்தோம். எங்களிடமும் அவை இருந்தன. ஆனால் இன்னொரு கூட்டமும் இருந்தது. மாதம் நிறைந்த, எடை கூடிய, எந்தக் குறையும் தெரியாத பிள்ளைகள், பிறக்க ஒன்றிரண்டு கிழமை இருக்கும்போது வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியவில்லை என்றிருந்தது. தாய்க்கு இரத்தத்தில் சீனி பார்த்தார்களா என்ற இடத்தைத் தேடிப் போனால் அது வெறுமையாக இருந்தது, அல்லது ஆரம்பத்தில் ஒருமுறை பார்த்ததோடு நின்றிருந்தது.

எங்கள் பக்கத்தில் சீனி வருத்தம் இல்லாத வீடு அரிது. கர்ப்ப காலத்தில் மட்டும் வந்துபோகும் சீனியும் உண்டு. அது தாய்க்கு ஒரு நோவும் காட்டாது. தாயின் இரத்தத்தில் கூடுகிற சீனி பிள்ளைக்கும் போய்ப் பிள்ளையைக் கொழுக்கவைக்கும். கடைசிக் கிழமைகளில் சில பிள்ளைகளால் அதைத் தாங்க முடியாமல் போகும். வெளியே இருப்பவர்கள் வயிற்றைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அது முடிந்துவிடும்.

இறப்புகளை ஆராயும் கூட்டம் ஆஸ்பத்திரியில் நடக்கும். மகப்பேற்று நிபுணர், வார்ட்டுச் சிஸ்டர், மருத்துவமாதுகள், நான். அந்தத் தடவை நான் ஒவ்வொரு இறப்பாக வாசிக்கவில்லை. எடை கூடிய நிறைமாதப் பிள்ளைகளை மட்டும் தனியாகப் பிரித்துத் திரையில் காட்டினேன். நிபுணர் அதிகம் கதைக்காத மனிதர். வெளியூர்க்காரர், ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் விரும்பி நின்றவர். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து திரைக்குக் கிட்டப் போனார்.

"இது எல்லாம் கடற்கரைப் பக்கமா?"

"கூடுதலா ஓம் சேர். பெரிய கிளினிக் அவங்களுக்குத் தூரம். வெறுவயித்தோட வந்து, சீனித்தண்ணி குடிச்சு, ரெண்டு மணித்தியாலம் காத்திருந்து ரத்தம் குடுக்கோணும். ஒருதரம் வந்து மெஷின் பழுது எண்டு திரும்பினா, பிறகு வரமாட்டாங்க."

"அப்ப நாங்க அங்க போவம்" என்றார். "முதல் வருகையிலேயே சீனி பாப்பம். நடுவில இன்னொருதரம். கூடினவங்கள எனக்கிட்ட அனுப்புங்க. பிரசவத் திகதிக்கு முந்தியே வார்ட்டுல எடுத்துப் பெறுவிப்பன். ஒருத்தரையும் கடைசிக் கிழமையில வீட்டுல விடமாட்டன்."

இவ்வளவுதான் திட்டம். புதிதாக எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஓர் அறை, சீனி பார்க்கும் சிறிய கருவி, அதற்கான ஸ்ட்ரிப், அனுப்பினால் எடுத்துக்கொள்ள ஒரு வைத்தியர்.

அறைக்காகக் கடற்கரைப் பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சந்திக்கப் போனேன். தலைவர் ஒரு நெல்லாலைக்காரர், என் வாப்பாவைத் தெரிந்தவர். கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எங்கட ஊர்ல இவ்வளவு புள்ளைகளா மௌத்தாகுது?"

"ஓம் ஹாஜியார்."

"இத வெளியில கதைக்காதீங்க மகள். நாளைக்கு ஒருத்தன் பேஸ்புக்குல போட்டா ஊருக்கு மானக்கேடு. புள்ள எடுக்கிறதும் குடுக்கிறதும் அல்லாஹ்ட நாட்டம்."

"நாட்டம்தான் ஹாஜியார். ஆனா சீனி பாத்தா கொஞ்சப் புள்ளைகள் மிஞ்சும்."

அவர் எழுந்து சாவிக்கொத்தை எடுத்தார். கடைசியில் மதரசாவுக்குப் பின்னாலிருந்த அறையைத் தந்தார். ஒரு நிபந்தனை: எத்தனை பிள்ளை இறந்தது என்று ஊருக்குள் எந்தக் கூட்டத்திலும் சொல்லக்கூடாது. சம்மதித்தேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. அறைக்கு மின்விசிறியும் அவர்தான் பூட்டித் தந்தார்.

அந்த அறை நடந்த காலம்தான் என் உத்தியோகத்தில் நான் விரும்பி வேலைக்குப் போன காலம். விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்த கையோடு பெண்கள் வெறுவயிற்றோடு வந்து பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். சீனித்தண்ணியைக் குடிக்க முடியாமல் முகத்தைச் சுளிப்பதும், ஒருத்தியைப் பார்த்து மற்றவள் சிரிப்பதுமாக இருக்கும். சீனி கூடினவர்களை நிபுணரிடம் அனுப்பினோம். சொன்னபடி அவர் எடுத்துக்கொண்டார். பல மாதங்களுக்கு அந்த வட்டாரத்திலிருந்து எடை கூடிய நிறைமாதப் பிள்ளையின் தாள் ஒன்றுகூட வரவில்லை. மருத்துவமாது ஒருநாள், "மெடம், புடிச்சிட்டம்போல" என்றார். எனக்கு அதைச் சொல்லப் பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவளும் அந்த நாட்களில் ஒருமுறை வந்தாள். கர்ப்பமாக இருக்கவில்லை. சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னாள். வாசலில் நின்று பாயிலிருந்த பெண்களைப் பார்த்தாள்.

"நான் செல்லினதாலயா டொக்டர் இத திறந்தீங்க?"

"ஓம் தங்கச்சி" என்றேன். அது உண்மை. வேறு தாய்மார் சொன்னதும் சேர்ந்துதான், ஆனால் அவளுடைய உம்மா சொன்ன அந்த ஒரு சொல்லிலிருந்துதான் நான் தேடத் தொடங்கினேன். அவள் சிரித்ததை அன்றுதான் முதல்முறை கண்டேன்.

பிறகு நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. எங்களுக்கு முதலில் ஸ்ட்ரிப் வருவது குறைந்தது, பிறகு நின்றது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலும் இரத்தம் பார்க்கும் மருந்துகள் இல்லை. வெளியில் காசு கொடுத்துப் பார்த்துவரச் சொன்னோம். கடலுக்குப் போகவே மண்ணெண்ணெய் கிடைக்காத வீடுகளில் அதைச் சொல்ல வாய் கூசியது. வரிசைகள் முடிந்தபின்பும் எங்கள் நிலைமை பழையபடி திரும்பவில்லை. அடுத்த பகுதியின் மருத்துவமாது ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. எங்கள் மருத்துவமாது இரண்டு பகுதியையும் பார்க்க வேண்டியதாயிற்று. மதரசா அறை கிழமைக்கொரு நாள் என்றிருந்தது, மாதத்துக்கொரு நாள் ஆனது.

ஒருநாள் நிபுணர் என் பணிமனைக்கு வந்தார். அப்படி வருகிற ஆள் அல்ல அவர். உட்காராமலே சொன்னார்.

"நான் போறன். விசா வந்திட்டு. பிள்ளைகளின்ட படிப்பு…"

"உங்களுக்குப் பதிலா ஆர் சேர்?"

"கேட்டிருக்கிறன். அனுப்புவாங்க எண்டு நினைக்கிறன்."

அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் அப்போது நாட்டில் இல்லை. அவருக்குப் பதிலாக நிரந்தரமாக ஒருவரும் வரவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியின் நிபுணர் கிழமையில் குறித்த நாட்களில் வந்துபோனார்.

அந்தக் காலத்தில்தான் அவள் இரண்டாவது தடவை கர்ப்பமானாள். மாதம் தப்பியதும் ஓடிவந்தாள். எங்களிடம் மிஞ்சியிருந்த கடைசி ஸ்ட்ரிப்களில் ஒன்றில் பார்த்தோம். சீனி கூடியிருந்தது. அவள் பயப்படவில்லை. "இப்ப காரணம் தெரியும்தானே டொக்டர், புடிச்சிரலாம்" என்றாள்.

அவள் செய்ததைப் போல ஒரு தாய் செய்து நான் கண்டதில்லை. சோற்றைக் குறைத்தாள். தேத்தண்ணிக்குச் சீனியை விட்டாள். கல்யாண வீட்டில் தொதல் இனிப்பை நீட்டினால் கையெடுத்துக் கும்பிடாத குறையாக விலகினாள். விடிய எழும்பித் தன் தங்கச்சியோடு கடற்கரையில் நடந்தாள். மாத்திரை போதாமல் ஊசி தொடங்கியபோது, வீட்டில் பிரிஜ் இல்லாததால் ஊசிமருந்தை நாலு வீடு தள்ளி வைத்து, சாப்பாட்டுக்கு முன் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளையின் அசைவை எண்ணச் சொன்னோம், எண்ணினாள். ஆனால் சீனி எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒன்றுமில்லை. மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவெடுத்தோம்.

திகதிக்கு முந்தியே வார்ட்டில் எடுக்க வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். தொலைபேசியிலும் சொன்னேன். அவள் பையோடு போனாள். அன்று நிபுணர் வரும் நாள் அல்ல. வார்ட்டு நிறைந்திருந்தது, ஒரு கட்டிலில் இரண்டு பேர். கடமையிலிருந்த இளம் டொக்டர் இதயத் துடிப்பைப் பார்த்தார், நன்றாக இருந்தது. தனியாக முடிவெடுக்க அவரால் இயலாது. நிபுணர் வரும் நாளில் வரச்சொல்லி அனுப்பினார்.

அவள் எனக்குப் போன் எடுத்தாள். நான் வார்ட்டுக்கு எடுத்தேன். "கட்டில் இல்ல மெடம், துடிப்பு நல்லா இரிக்கி, வாற முறை கட்டாயம் எடுப்பம்" என்றார்கள். எனக்கு மேலே இருப்பவர்களுக்கும் எடுத்தேன். ஒருவர் கூட்டத்தில் இருந்தார். இன்னொருவர் எழுத்தில் அனுப்பச் சொன்னார்.

நிபுணர் வரும் நாளுக்கு முதல்நாள் காலையில் அசைவு குறைந்தது. அவள் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. உம்மாவுக்காகக்கூடக் காத்திருக்காமல் கணவனோடு ஓட்டோவில் ஏறிப் போனாள். அங்கே துடிப்பைத் தேடினார்கள். வேறு கருவி கொண்டுவந்து தேடினார்கள். பிறகு அவளிடம் சொன்னார்கள்.

இந்த முறை அவள் பிள்ளையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள் என்று பின்னர் அறிந்தேன். முகத்தைத் திறந்து பார்த்தாளாம்.

மருத்துவமாது போக வேண்டிய நாளை இரண்டு தடவை தள்ளிவைத்தார். "மெடம், நீங்க வராட்டி நான் போகமாட்டன்" என்றார். போனோம். கணவன் வாசலில் குந்தியிருந்தான். எங்களைக் கண்டதும் எழும்பி நின்று ஸலாம் சொன்னான். அவ்வளவு கஷ்டத்திலும் மரியாதை குறையவில்லை; அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது.

அவள் அதே கட்டிலில் இருந்தாள். மருத்துவமாது பையைத் திறக்கவில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. அவள்தான் முதலில் கதைத்தாள். சத்தமே இல்லாத குரல்.

"போன முறையும் கேட்டீங்க மிஸ். எல்லாத்தையும் செல்லினன். ஒண்டு விடாம செல்லினன். பிறகு வாற புள்ளைக்கு உதவும் எண்டீங்க. அது எண்ட புள்ளதானே."

மருத்துவமாது பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"இனி என்னத்த கேக்கப்போறீங்க?"

"இந்த முறை உங்கட பக்கத்துல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி" என்றேன். "என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். செய்யவேண்டியதும் தெரியும். செய்ய எங்களுக்குக் கிடைக்கல்ல."

"தெரியாம இரிந்திருக்கலாம் டொக்டர்" என்றாள். "போன முறை தெரியா. அழுதிட்டு இரிந்தன். இந்த முறை ஒவ்வொரு நாளும் தெரிஞ்சிக்கிட்டே இரிந்தன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எங்களால் குடிக்க முடியவில்லை; குடிக்காமல் எழும்பவும் முடியவில்லை. கேள்விகளுக்குக் கணவன் வாசலில் நின்று, தெரிந்த அளவுக்குப் பதில் சொன்னான். பிள்ளையின் எடையை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

அடுத்த ஆராய்வுக் கூட்டத்தில் அந்த இறப்பை நானே வாசித்தேன். காரணம் என்ற இடத்தில் இந்த முறை எழுத எல்லாம் இருந்தது. தவிர்த்திருக்கலாமா என்ற இடத்தில் ஆம் என்று எழுதினேன். அந்த இளம் டொக்டர் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவரை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு இலேசாக இருந்திருக்குமோ என்னவோ. அவரும் இப்போது வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படிப்பதாகக் கேள்வி.

அந்த வருடத்துக் கணக்கைத் தொகுத்தபோது எடை கூடிய நிறைமாத இறப்புகள் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன. அறிக்கையை மேலே அனுப்பினேன். மிகவும் பயனுள்ள அறிக்கை என்று பதில் வந்தது. மற்றப் பிரிவுகளுக்கும் மாதிரியாகக் காட்ட அதை ஒரு பயிற்சிப் பட்டறையில் வாசிக்கும்படி கேட்டார்கள். போய் வாசித்தேன். கை தட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. ஸ்ட்ரிப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு, பட்டியலில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். நீண்டநாள் கழித்து ஒரு பெட்டி வந்தது, காலாவதியாகக் கொஞ்ச நாள் இருக்கும்போது. இருந்த தாய்மாருக்கு அவசரம் அவசரமாகப் பார்த்து முடித்தோம். அதற்குப் பிறகு வரவில்லை. மதரசா அறையில் இப்போது பிள்ளைகளின் குர்ஆன் வகுப்பு நடக்கிறது. ஹாஜியார் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

அவளைப் பார்க்க இன்னொரு தடவை போனேன். வீடு பூட்டியிருந்தது. அடுத்த வளவிலிருந்து உம்மா வந்தார்.

"ஒலுவிலுக்குப் போயிட்டாங்க டொக்டர். மருமகண்ட ஆக்களோட இரிக்காங்க."

எங்கள் ஊர்களில் பெண் தன் சீதன வீட்டை விட்டுப்போய்க் கணவன் வீட்டாரோடு இருப்பது வழக்கமில்லை. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"இந்த வளவுக்குள்ள கால் வைக்க ஏலாதாம்" என்றார். "திரும்பவும் புள்ள தங்கியிரிக்கு எண்டு கேள்விப்பட்டன். எனக்கிட்டயே செல்லல்ல. கிளினிக்குக்கும் போறல்லயாம். அல்லாஹ் தந்தா தாறான், எடுத்தா எடுக்கிறான், இனி ஒருத்தருக்கும் ஒண்டும் செல்லமாட்டன் எண்டு இரிக்காளாம். நீங்க ஒருக்கா கதைச்சிப் பாருங்களன்."

ஒலுவில் பகுதி மருத்துவமாதுக்குத் தகவல் சொன்னேன். அவர் இரண்டு தடவை போயும் அவள் முன்னால் வரவில்லை. மூன்றாவது தடவை உள்ளேயிருந்து வேறொரு பெண், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்குப் போக மனம் வரவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரிந்திருந்தால் போயிருப்பேன்.

உயிரோடு பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிய தாள் என் மேசைக்கு வருவதில்லை. இறந்தவை மட்டும்தான் வரும், அதுவும் எங்கள் பிரிவுக்குள் நடந்தவை மட்டும். அவள் இருக்கும் இடம் இன்னொரு பிரிவுக்குரியது. அந்த மூன்றாவது பிள்ளை பிறந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவளுடைய உம்மாவிடம் நான் கேட்கலாம். இன்னும் கேட்கவில்லை.